படிவத்தில் ஓர் இடம்

ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே அமைந்துள்ள ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் உள்ளது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அங்குப் பயிலும் மாணவர்கள் தங்கள் பாடங்களை இணையம்வழி பதிவு செய்கின்றனர். விடுதி அறையிலிருந்து ஒருவர், பேருந்தில் அமர்ந்தவாறு ஒருவர், விடுமுறை முடியாமல் சொந்த ஊரிலிருந்தே ஒருவர் எனப் பலரும் ஒரே நேரத்தில் ஒரே படிவத்தை நிரப்புவார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு கலந்துவிடக் கூடாது. எதுவும் தொலைந்துவிடவும் கூடாது.

இது பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய தேவையன்று. மருத்துவமனைப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், போட்டிக்குப் பெயர் கொடுத்தல் என எங்கும் இன்று மின்படிவமே முதலில் நிற்கிறது. அப்படிவத்துக்குப் பின்னால் இருப்பது தரவுத்தளம். இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதையும், அந்த இணைப்பில் மனிதர்களுக்கு எவ்வாறு இடம் கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது என்பதையும் இப்பகுதி விளக்குகிறது.

ஒரே கோப்பு, பல கைகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்கூடாயிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளி தமிழ்மொழி விழா நடத்துகிறது. கூலாய், மாசாய், கேலாங் பாத்தா, உலு திராம் ஆகிய இடங்களிலுள்ள பள்ளிகளும் பங்கேற்கின்றன. பங்கேற்பாளர்களின் பெயர், பள்ளி, போட்டி, உணவு ஒவ்வாமை ஆகியவற்றைப் பதிய ஓர் அட்டவணைக் கோப்பு உருவாக்கப்படுகிறது. பள்ளியின் வலையமைப்பில் அது வைக்கப்படுகிறது. பொறுப்பாசிரியர்கள் மூவர் அதைத் திறந்து நிரப்பலாம்.

காலை 10 மணிக்கு முதல் ஆசிரியர் கோப்பின் படி ஒன்றைத் தம் கணினியில் திறக்கிறார். 10.05க்கு இரண்டாம் ஆசிரியரும் அவ்வாறே செய்கிறார். முதலாமவர் 12 பெயர்களைச் சேர்த்துச் சேமிக்கிறார். இரண்டாமவரின் படியில் அந்த 12 பெயர்களும் இல்லை. அவர் 8 பெயர்களைச் சேர்த்து, பழைய கோப்பின் மீதே சேமிக்கிறார். முன்னவர் சேர்த்த 12 பெயர்களும் மறைந்துபோகின்றன. இதைக் கணினியியலார் 'தொலைந்த புதுப்பிப்பு' என்பர். இதில் யாரும் தவறாக எதையும் அழுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பலர் ஒரே சமயத்தில் திருத்தக்கூடிய இணைய அட்டவணைகள் இன்று உள்ளன. அவை இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்க்கின்றன. ஆனால், வேறொரு ஆபத்து எஞ்சியிருக்கிறது. பெயர்களை அகர வரிசைப்படுத்த விரும்பும் ஒருவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும். ஒவ்வாமைக் குறிப்புகள் மாறா. நிலக்கடலை ஒவ்வாத மாணவியின் குறிப்பு வேறொருவர் பெயருக்கு நேராகப் போய் நிற்கும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. உணவு பரிமாறப்படும்போதுதான் தெரியவரும்.

கோட் காட்டிய வழி

இத்தகைய சிக்கல்களைப் பற்றிக் கணினி அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே சிந்தித்தனர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் என்பவர் 1970ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பெரிய அளவிலான, பலர் பகிர்ந்துகொள்ளும் தரவு வங்கிகளைப் பற்றியது அக்கட்டுரை. தரவு வட்டில் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியதில்லை. தரவை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாகக் கண்டாலே போதும் என்பது அவர் கருத்து. 'உறவுநிலைத் தரவுத்தளம்' இவ்வாறு பிறந்தது. 1981ஆம் ஆண்டில் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வழங்கப்பட்டது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான எஸ்கியூஎல் என்னும் மொழியும் அவருடைய கருத்தை அடியொற்றியே எழுந்தது.

தமிழ்மொழி விழாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைக்காமல் பள்ளிகளுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, போட்டிகளுக்கு ஒன்று என அட்டவணைகளைப் பிரிக்கலாம். எந்த மாணவர் எந்தப் போட்டியில் கலந்துகொள்கிறார் என்பதைக் காட்ட நான்காவதாகப் பதிவு அட்டவணை ஒன்று வேண்டும். பள்ளியின் பெயரை 80 மாணவர்களும் 80 விதமாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. மலேசியப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்துகளும் நான்கு எண்களும் கொண்ட குறியீடு உண்டு. ஜொகூர் பள்ளிகளின் குறியீடு 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும். படிவத்தில் பள்ளியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் அக்குறியீடு மட்டும் பதிவாகும்.

ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பை 'முதன்மைத் திறவுகோல்' என்பர். ஒவ்வாமைக் குறிப்பு அத்திறவுகோலோடு கட்டப்பட்டிருப்பதால் பெயர்களை எப்படி வரிசைப்படுத்தினாலும் அது உரியவரை விட்டு விலகாது.

இணைப்பு நிகழும் விதம்

மாணவர் கைப்பேசியில் காணும் படிவம் நேரடியாகத் தரவுத்தளத்தைத் தொடுவதில்லை. இடையில் ஒரு நிரல் இருக்கிறது. அது சேவையகம் எனப்படும் கணினியில் இயங்குகிறது. அலுவலக முகப்பில் படிவத்தைப் பெற்றுக்கொண்டு, உள்ளே கோப்பறைக்குக் கொண்டுசெல்லும் எழுத்தரைப் போன்றது அந்நிரல்.

தரவுத்தளத்தோடு பேசுவதற்கு அந்நிரலுக்கு நான்கு செய்திகள் தேவை: தரவுத்தளச் சேவையகத்தின் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், ஒரு கணக்கு, அக்கணக்கின் கடவுச்சொல். இந்நான்கும் சேவையகத்திலேயே பாதுகாப்பாக இருக்க வேண்டும். படிவத்துக்குள் ஒருபோதும் எழுதப்படக்கூடாது. படிவத்தைத் திறக்கும் யாரும் அதன் உட்குறியீட்டைப் பார்க்க முடியும் என்பதே காரணம். அக்கணக்குக்கும் தேவையான உரிமையை மட்டும் அளிக்க வேண்டும். பதிவைச் சேர்க்கும் வேலையைச் செய்யும் கணக்குக்கு அழிக்கும் உரிமை எதற்கு?

அடுத்தது, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அட்டவணையின் உரிய பத்தியோடு பொருத்துவது. வந்த செய்தி சரியான வடிவத்தில் உள்ளதா என்று இங்கே சோதிக்கப்படுகிறது. பிறந்த நாளை 03/04/2010 என்று எழுதினால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? மலேசியாவில் ஒன்று, அமெரிக்காவில் மற்றொன்று. எனவே, தரவுத்தளங்கள் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை விரும்புகின்றன. படிவத்திலேயே சோதனை நடந்திருந்தாலும் சேவையகமும் மீண்டும் சோதிக்க வேண்டும். அத்துடன், பயனர் எழுதிய எதையும் தரவாக மட்டுமே கொள்ள வேண்டும், கட்டளையாகக் கொள்ளக்கூடாது. பெயர்க் கட்டத்தில் எஸ்கியூஎல் கட்டளை ஒன்றை எழுதித் தரவுத்தளத்தையே ஏமாற்ற முயல்வோரும் உண்டு.

இறுதியாகப் பதிவு நிகழ்கிறது. பேச்சுப் போட்டியில் ஓரிடமே எஞ்சியிருக்கிறது. இருவர் ஒரே நொடியில் 'அனுப்பு' பொத்தானை அழுத்துகின்றனர் என்று கொள்வோம். இடம் உள்ளதா எனப் பார்ப்பது, பெயரைப் பதிவது, எஞ்சிய இடத்தைக் குறைப்பது ஆகிய மூன்றையும் தரவுத்தளம் ஒரே செயலாகக் கருதுகிறது. மூன்றும் முழுமையாக நிகழும். இல்லையேல் ஒன்றுமே நிகழாது. இதற்குப் 'பரிமாற்றம்' என்று பெயர். இக்கருத்தை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவரான ஜிம் கிரே 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். முந்தியவருக்கு இடம் கிடைக்கும். மற்றவருக்கு இடம் நிரம்பிவிட்டது என்னும் செய்தி வரும். இருவருக்கும் ஒரே இடத்தைக் கொடுத்துவிட்டு, விழா நாளன்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் நிலை ஏற்படாது.

பெயர் என்னும் கட்டம்

தொழில்நுட்பம் இத்துணைச் சீராக இயங்கினாலும், படிவத்தை வடிவமைப்பவர் எடுக்கும் சிறு முடிவு ஒன்று பலரைத் தடுமாற வைக்கலாம். பெயர்க் கட்டமே அதற்குச் சான்று.

வெளிநாட்டு மாதிரியைப் பின்பற்றும் சில படிவங்கள் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என இரண்டு கட்டங்களைக் கொண்டிருக்கும், இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கும். மலேசியத் தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தம் பெயர், அடுத்துத் தந்தை பெயர். இடையில் மகன் என்பதைக் குறிக்க 'ஏ/எல்', மகள் என்பதைக் குறிக்க 'ஏ/பி'. இவை 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கங்கள். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் மாணவியைத் தந்தையின் பெயராலேயே அழைத்து மின்னஞ்சல் வரும். 'ஏ/எல்' என்று எழுதினால் இடையிலுள்ள சாய்கோட்டை ஏற்க மறுத்துப் படிவம் பிழை காட்டும். மலாய்க்காரரின் 'பின்', 'பிந்தி', முதலில் வரும் சீனரின் குடும்பப் பெயர் ஆகியவையும் அந்த இரண்டு கட்டங்களில் எளிதில் அடங்குவதில்லை.

எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல்தான். சுப்பிரமணியம் என்னும் பெயர் உரோமன் எழுத்தில் ஒருவருக்கு 'எம்' என முடியும். மற்றொருவருக்கு 'என்' என முடியும். லெட்சுமி என்னும் பெயருக்கு நான்கைந்து வடிவங்கள் உண்டு. பெயரைக் கொண்டு ஒருவரைத் தேடும் தரவுத்தளம் ஒரே மனிதரை இருவராகக் காணும். இருவரை ஒருவராகவும் காணும்.

இதற்குத் தீர்வு கடினமன்று. பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறு முழுப்பெயரையும் எழுத ஒரே கட்டம் போதும். எவ்வாறு அழைக்கப்பட விரும்புகிறார் என்பதற்கு விரும்பினால் நிரப்பும் கட்டம் ஒன்றைச் சேர்க்கலாம்.

தமிழ் எழுத்தும் பைட்டும்

தமிழ்மொழி விழாவின் சான்றிதழில் பெயரைத் தமிழில் அச்சிட விரும்பினால் தரவுத்தளம் தமிழ் எழுத்தையும் ஏற்க வேண்டும். கணினியில் தமிழை எழுதும் முயற்சியில் மலேசியாவுக்குச் சிறப்பான பங்குண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளின் தொடக்கம் 1985ஆம் ஆண்டாகும். அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது. அது பரவலான பயன்பாட்டுக்கு வந்த பின்னரே ஒரே தரவுத்தளத்தில் தமிழையும் மலாயையும் சீனத்தையும் தயக்கமின்றிச் சேமிக்க முடிந்தது.

இருப்பினும் கவனம் தேவை. 'கலைச்செல்வி' என்னும் பெயரில் நாம் காண்பவை 6 எழுத்துகள். யூனிகோட்டில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை 11 குறியீடுகள் ஆகின்றன. பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பிடிக்கும். ஆகவே அப்பெயருக்கு 33 பைட்டுகள் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும் என்று கணக்கிட்டுப் பெயர்ப் பத்திக்கு 30 பைட்டுகளே ஒதுக்கியிருந்தால் என்னவாகும்? சில தரவுத்தளங்கள் பதிவை ஏற்க மறுக்கும். சில, எஞ்சியதை வெட்டிவிட்டுக் 'கலைச்செல்வ' என்று சேமிக்கும். பரிசு மேடையில் சான்றிதழைப் பெறும் மாணவியின் பெயர் குறைபட்டு நிற்கும்.

எண் இல்லாதவர் யார்?

பெயர் மாறக்கூடியது என்பதால் மலேசியாவில் அடையாள அட்டை எண்ணைத் திறவுகோலாகக் கொள்வது வழக்கம். 12 இலக்கங்கள் கொண்ட இம்முறை 1990ஆம் ஆண்டில் அறிமுகமானது. மைகாட் அட்டை 2001ஆம் ஆண்டில் வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். ஜொகூருக்குரிய குறியீடுகளுள் ஒன்று 01. கடைசி இலக்கம் ஒற்றை எண்ணாயின் ஆண். இரட்டை எண்ணாயின் பெண்.

இவ்வெண் பலவற்றைச் சொல்லிவிடுகிறது. படிவத்தில் இதைக் கேட்ட பின் வயதையும் பாலினத்தையும் தனியே கேட்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் இதைப் பிறர் கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகையிலோ புலனக் குழுவிலோ வெளியிடவும் கூடாது.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. அடையாள அட்டை எண்ணைக் கட்டாயமாக்கும் படிவம், அவ்வெண் இல்லாதவரை என்ன செய்யும்? தோட்டப்புறங்களில் பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலும், ஆவணங்கள் தொலைந்ததாலும் மலேசிய இந்தியருள் ஒரு பகுதியினர் ஆவணமின்றி வாழ நேர்ந்தது. அவர்களைப் பதிவு செய்வதற்காக 2011ஆம் ஆண்டில் 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தப்பட்டது. இத்தகைய குடும்பத்துப் பிள்ளை நம் விழாவில் கவிதை ஒப்புவிக்க விரும்பலாம். படிவம் எண்ணைக் கேட்கிறது. பிள்ளையிடம் எண் இல்லை. 'அனுப்பு' பொத்தான் இயங்கவில்லை. யாரும் அப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லவில்லை. எனினும், அப்பிள்ளை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அப்படியொருவர் விடுபட்டார் என்பதும் ஏற்பாட்டாளருக்குத் தெரியாது.

தரவுத்தள வடிவமைப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளம் தானே ஒரு வரிசை எண்ணை வழங்கலாம். அதுவே முதன்மைத் திறவுகோலாக இருக்கலாம். அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கட்டும். அது நிரப்பப்பட்டால் வேறொருவருக்கு மீண்டும் வரக்கூடாது. நிரப்பப்படாவிட்டால் வாயில் அடைபடக்கூடாது. இம்மாற்றத்துக்குச் செலவு ஏதுமில்லை. இப்படியும் ஒருவர் வரக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதே தேவை.

சேர்த்ததைக் காத்தல்

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பின்னர்க் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது பல கடைகளின் வாசலில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டது. வருவோர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதினர். அடுத்து வருபவர் முன்னவரின் எண்ணை எளிதாகப் பார்க்க முடிந்தது. மைசெஜாத்ரா செயலியில் கியூஆர் குறியீட்டை வருடும் முறை பரவியபோது அக்குறை நீங்கியது; ஆனால், கோடிக்கணக்கான வருகைப் பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்தன. 2022 மே 1 முதல் கடைகளில் நுழைய அவ்வாறு வருடுவது கட்டாயமில்லை என ஆனது. ஒரு தேவைக்காகச் சேர்த்த தரவை, தேவை முடிந்தபின் என்ன செய்வது என்னும் கேள்வியை மக்கள் எழுப்பினர்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, இக்கேள்விக்கு வழிகாட்டுகிறது. 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த இச்சட்டம், வாணிக நடவடிக்கைகளில் தனிநபர் தரவைக் கையாள்வோருக்கு 7 கொள்கைகளை வகுத்துள்ளது. தரவை எதற்காகச் சேர்க்கிறோம் என்று முன்னரே அறிவிக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, உரியவர் தம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் வழிவிட வேண்டும் என்பன அவற்றுள் சில. மத்திய, மாநில அரசுகள் இச்சட்டத்துக்கு உட்படவில்லை. ஆயினும், பள்ளி விழாவுக்குப் படிவம் தயாரிக்கும் மாணவர் குழுவுக்கும் இக்கொள்கைகள் நல்ல அளவுகோல்களே. விழாவுக்குத் தேவையில்லாத வீட்டு முகவரியைக் கேட்காமல் இருப்பது முதற்படி. விழா முடிந்ததும் ஒவ்வாமைக் குறிப்புகளை அழித்துவிடுவது அடுத்த படி.

படிவத்தைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரலைத் தேர்ந்த மாணவர் ஒருவர் ஒரே மாலையில் எழுதிவிடக்கூடும். எந்தக் கட்டம் தேவை, எது கட்டாயம், எத்தனை எழுத்துக்கு இடம், யாருக்குப் பார்க்கும் உரிமை என்பவற்றை முடிவு செய்யவே நேரமும் சிந்தனையும் வேண்டும். ஒரு படிவத்தை வெளியிடுவதற்கு முன் நீளமான பெயர் உடையவர், தமிழில் எழுத விரும்புபவர், அட்டை இல்லாதவர் ஆகிய மூவராகவும் தம்மை எண்ணிக்கொண்டு ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது வடிவமைப்பாளரின் கடமையாகும்.

கருத்துணர் வினாக்கள்

1. 'தொலைந்த புதுப்பிப்பு' எவ்வாறு ஏற்படுகிறது? பகுதியில் உள்ள எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
2. ஒவ்வாமைக் குறிப்பை முதன்மைத் திறவுகோலோடு இணைப்பதால் விளையும் நன்மை யாது?
3. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைப் படிவத்துக்குள் எழுதக்கூடாது. ஏன்?
4. உம் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? யூனிகோட்டில் எத்தனை குறியீடுகள் ஆகும் எனக் கணக்கிடுக.
5. அடையாள அட்டை எண்ணைக் கட்டாயமாக்குவதன் நன்மை, தீமைகளை நண்பருடன் கலந்துரையாடி, உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.
6. உம் பள்ளியில் நடைபெறவிருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு மின்படிவம் ஒன்றைத் திட்டமிடுக. ஒவ்வொரு கட்டமும் ஏன் தேவை என்பதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுக.